‘விவரி’ வேறு, ‘விளக்கு’ வேறு: உளவியல் குறுவினாக்களின் கட்டளைச் சொற்கள்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். ‘நினைவு மாற்றத்துக்கு உள்ளாகக்கூடியது என்பதை ஓர் ஆய்வைக் கொண்டு விளக்குக’ என்ற 9 மதிப்பெண் குறுவினாவுக்கு, உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட வாகன விபத்து நினைவு பற்றிய ஆய்வை ஓர் எண்கூடப் பிசகாமல் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்; கிடைத்ததோ 4 மதிப்பெண். எழுதியதில் பிழை என்று எதுவும் சுட்டப்படவில்லை. ‘விவரி’, ‘விளக்கு’, ‘சுருக்கமாகக் கூறு’ எல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள்தாமே, பிறகு எதற்காகப் பாதிக்கு மேல் குறைந்தது என்று கேட்கிறீர்கள்.

பிழை இல்லாததால்தான் அந்த 4 மதிப்பெண்ணாவது வந்தது. மீதி 5 மதிப்பெண் வினாவின் கடைசிச் சொல்லுக்கு உரியது. அந்தச் சொல் கேட்ட வேலையை உங்கள் விடை தொடவே இல்லை.

தமிழ் இலக்கணம் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அவற்றுள் முதலாவது அறிவினா. விடை தெரிந்த ஒருவர், எதிரில் இருப்பவருக்கு அது தெரியுமா என்று அறிவதற்காகவே கேட்பது. தேர்வு வினாக்கள் அனைத்தும் அறிவினாக்களே. திருத்துபவருக்கு லாஃப்டஸின் ஆய்வு புதிய செய்தி அன்று; அன்றைக்கே அதை அறுபது விடைத்தாள்களில் படித்திருப்பார். அதைக் கொண்டு உங்களால் என்ன செய்ய முடிகிறது என்பதைத்தான் அவர் பார்க்கிறார். அதே இலக்கணம் விடையை எட்டாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றுக்கு இனமொழி விடை என்று பெயர் வைக்கிறது. ‘ஆடுவாயா?’ என்று கேட்டால் ‘பாடுவேன்’ என்பது இனமொழி. பேச்சில் அது ஏற்கத்தக்க விடைதான். தேர்வில் ‘விளக்கு’ என்றதற்கு விவரித்துவிட்டு வருவதும் அதே இனமொழிதான். ஆனால் அங்கே அதற்குப் பாதி மதிப்பெண்தான் விலை.

இந்தச் சொற்கள் ஏன் இவ்வளவு கறாராகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1956-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் தலைமையில் ஒரு குழு, கல்வியின் நோக்கங்களை அறிவு, புரிதல், பயன்பாடு, பகுப்பாய்வு, தொகுப்பு, மதிப்பீடு என்று ஆறு படிகளாக வகுத்தது. 2001-இல் வந்த திருத்தம் அந்தப் பெயர்ச்சொற்களையெல்லாம் வினைச்சொற்களாக மாற்றியது: நினைவுகூர், புரிந்துகொள், பயன்படுத்து, பகுத்தாய், மதிப்பிடு, படை. இன்றைய உளவியல் பாடத்திட்டங்கள் பலவும் இந்தப் படிகளை மூன்றாகச் சுருக்கிக்கொள்கின்றன: அறிந்திருத்தல், அறிந்ததைப் பயன்படுத்துதல், அதை எடைபோடுதல். பல நாடுகளில் பள்ளி இறுதித் தேர்வு நடத்தும் சர்வதேச பேக்கலோரியட் அமைப்பு 2019 முதல் தேர்வுக்குக் கொண்டுவந்த உளவியல் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் ‘டிஸ்கிரைப்’ (விவரி), ‘ஐடென்டிஃபை’ (இனங்காண்), ‘அவுட்லைன்’ (சுருக்கமாகக் கூறு) ஆகியவை முதற்படியிலும், ‘எக்ஸ்பிளெய்ன்’ (விளக்கு), ‘காமென்ட்’ (கருத்துரை), ‘சஜெஸ்ட்’ (பரிந்துரை) ஆகியவை இரண்டாம் படியிலும், ‘கான்ட்ராஸ்ட்’ (வேறுபடுத்து), ‘டிஸ்கஸ்’ (விவாதி), ‘எவாலுவேட்’ (மதிப்பிடு), ‘டு வாட் எக்ஸ்டென்ட்’ (எந்த அளவுக்கு) ஆகியவை மூன்றாம் படியிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தேர்வின் 9 மதிப்பெண் குறுவினாவுக்கான மதிப்பெண் அட்டவணை உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது: பொருத்தமான ஆய்வு விவரிக்கப்பட்டிருந்தால் 4 முதல் 6 வரையிலான பட்டை, விவரிக்கப்பட்டதோடு வினாவுடன் வெளிப்படையாக இணைக்கப்பட்டும் இருந்தால் 7 முதல் 9 வரை. இடையில் இருக்கும் முக்கியமான வேறுபாடு, கட்டளைச் சொல் கேட்டதைச் செய்வதும் அந்த இணைப்பும்தான்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பாட வினாத்தாள்களில் ‘விவரி’, ‘விளக்குக’, ‘விரிவாக எழுதுக’, ‘கட்டுரை வரைக’ ஆகியவை நெடுங்காலமாக ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் புழங்கி வந்திருக்கின்றன. தெரிந்ததையெல்லாம் எழுது என்பதே எல்லாவற்றுக்கும் பொதுவான பொருளாகிவிட்டது. ஆனால் சொற்களையே உற்றுப் பார்த்தால் வேறுபாடு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. ‘விவரி’க்குள் விவரம் இருக்கிறது, விவரங்களை ஒழுங்காக அடுக்கினால் அந்தக் கட்டளை நிறைவேறிவிடும். ‘விளக்கு’ என்பதோ இருட்டில் கிடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. உளவியலில் இருட்டில் கிடப்பது எப்போதும் காரணம்தான். நடத்தை கண்ணுக்குத் தெரியும். அது ஏன், எந்த வழியாக நிகழ்ந்தது என்பது தெரியாது. அதைத் தெரிய வைத்தால் விளக்கியாயிற்று.

உங்கள் விடையையே இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். முதலில், ‘விவரி’ என்று கேட்டிருந்தால்:

“லாஃப்டஸும் பாமரும் 45 மாணவர்களுக்கு வாகன விபத்துகளைக் காட்டும் 7 படத்துண்டுகளைத் திரையிட்டனர். பின்னர், 5 குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்த அவர்களிடம் கார்கள் என்ன வேகத்தில் சென்றன என்று கேட்கப்பட்டது. கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றும், ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றும் மதிப்பிட்டனர்.”

பங்கேற்றோர், செய்முறை, முடிவு ஆகிய மூன்றும் வந்துவிட்டன. ‘விவரி’ என்ற கட்டளைக்கு இது நல்ல விடை. இனி ‘விளக்கு’:

“‘மோதி நொறுங்கியபோது’ என்ற சொல், கடுமையான விபத்து எப்படி இருக்கும் என்று நாம் முன்பே வைத்திருக்கும் மனவார்ப்பை எழுப்புகிறது. நினைவுகூர்தல் பதிவான படத்தைத் திரும்ப ஓட்டுவது போன்றதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்புவது என்பதால், பார்த்த காட்சியும் பின்னால் கேள்வியின் வழியே வந்த தகவலும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆகவே வேகம் கூடுதலாக நினைவுக்கு வருகிறது. பங்கேற்றோர் உறுதியாகத் தெரியாமல் கேள்வியின் சாய்வுக்கேற்ப ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம் என்ற ஐயத்தை இரண்டாம் சோதனை குறைக்கிறது. அதில் 150 மாணவர்களிடம், படம் பார்த்து ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்கப்பட்டது. படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆயினும் ‘மோதி நொறுங்கியபோது’ என்று முன்பு கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்; ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 7 பேரும், வேகம் பற்றிக் கேட்கப்படாத 50 பேரில் 6 பேரும்தான் அப்படிச் சொன்னார்கள். ஒரு வாரத்துக்கு முன் கேள்வியில் வந்த ஒரு சொல் இல்லாத பொருளை இருந்ததாக நினைக்கவைக்கிறது என்றால், மாறியது அந்த நேரத்து விடை மட்டுமன்று, நினைவும்தான் என்று கொள்ள இடமுண்டு.”

இரண்டாவது பத்தியில் ‘என்பதால்’, ‘ஆகவே’, ‘என்றால்’ என்ற இணைப்புகள் எங்கெங்கே வருகின்றன என்று பாருங்கள். முதலாவதில் அத்தகைய சொல் ஒன்றுகூட இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. விளக்கும் விடையில் எண்கள் குறையலாம், காரணத் தொடர்கள் குறையக் கூடாது. பெரும்பாலான மாணவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். எண்களை மனப்பாடம் செய்வதற்குப் பட்ட பாட்டை விடைத்தாளில் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை, காரணத்தை எழுத இடமில்லாமல் செய்துவிடுகிறது. 7 படத்துண்டுகள் என்பதை 5 என்று எழுதினால்கூட விளக்கம் சாய்ந்துவிடாது. உடைந்த கண்ணாடி எதற்காகக் கேட்கப்பட்டது என்று சொல்லாமல் விட்டால் சாய்ந்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. கேள்வியில் வரும் ஒரு வினைச்சொல் மாறினால் விடை மாறிவிடும் என்பதுதான் இந்த ஆய்வின் கண்டுபிடிப்பே. அந்த 45 பேரும் தங்களை அறியாமலேயே வினைச்சொல்லுக்கு வளைந்துகொடுத்தார்கள். அவர்களைப் பற்றித் தேர்வில் எழுதுகிறவர்கள் மட்டும் வினைச்சொல்லுக்குச் சற்றும் வளையாமல் எழுதிவிட்டு வருகிறார்கள்.

மற்றக் கட்டளைகளுக்கு வருகிறேன். ‘குறிப்பிடு’, ‘பெயரிடு’, ‘இனங்காண்’ ஆகியவற்றுக்கு ஒரு சொல்லோ ஒரு வரியோ போதும். அங்கே காரணம் எழுதினால் தவறில்லை, ஆனால் ஒரு பயனும் இல்லை. ‘வரையறு’ மட்டும் எளிதாகத் தோன்றி ஏமாற்றும். வரையறை என்பதற்கு எல்லைக்கோடு போடுவது என்று பொருள்; பக்கத்தில் இருக்கும் கருத்தை வெளியே நிறுத்தாத வரையறை வரையறை ஆகாது. ‘இணங்கல் என்பது பிறர் சொல்வதுபோல் நடந்துகொள்வது’ என்று எழுதினால், அது கீழ்ப்படிதலுக்கும் அப்படியே பொருந்தும். ‘குழுவிலிருந்து உண்மையாகவோ கற்பனையாகவோ வரும் அழுத்தத்தால் ஒருவர் தம் நடத்தையையோ கருத்தையோ மாற்றிக்கொள்வது’ என்றால் கீழ்ப்படிதல் வெளியே நின்றுவிடுகிறது, ஏனெனில் அதற்கு அதிகாரம் உடைய ஒருவரின் நேரடி ஆணை வேண்டும். வரையறை எழுதி முடித்ததும், பாடநூலில் அதற்கு அடுத்தாற்போல் வரும் சொல்லுக்கும் இது பொருந்துமா என்று கேட்டுக்கொள்வது நல்ல சோதனை.

‘சுருக்கமாகக் கூறு’ என்பது விவரிப்பின் தம்பி. ஆய்வின் எலும்புக்கூடு போதும், சதை வேண்டாம். அட்கின்சனும் ஷிஃப்ரினும் 1968-இல் முன்வைத்த நினைவு மாதிரியைச் சுருக்கமாகக் கூறு என்றால், புலன்பதிவு, குறுகியகால நினைவு, நீண்டகால நினைவு என்ற மூன்று கிடங்குகளையும், கவனம் முதல் கிடங்கிலிருந்து இரண்டாவதற்கும் ஒத்திகை (மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது) இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் தகவலைக் கொண்டுசெல்கின்றன என்பதையும் எழுதி நிறுத்திவிடலாம். ‘விவரி’ என்றால் ஒவ்வொரு கிடங்கின் கொள்ளளவு, கால அளவு, குறியாக்க முறை (தகவல் எந்த வடிவில் பதிகிறது என்பது) ஆகியவையும் சேரவேண்டும்.

அதிகமான பேர் தடுக்கி விழும் இன்னோர் இடம், ஒரு சூழலைக் கொடுத்து அதைக் கொண்டு விடை கேட்கும் வினா. இதில் கட்டளைச் சொல் ‘விளக்கு’ என்றே இருக்கும். ஆனால் ‘மேற்கண்ட சூழலைக் கொண்டு’ என்ற தொடர் அதன் பொருளை மாற்றிவிடும். ஒரு வினாவைக் கற்பனை செய்துகொள்வோம்: ‘மீரா தொலைபேசியில் பேசிக்கொண்டே வரைபடத்தில் வழி தேடிவிடுகிறாள், ஆனால் பேசிக்கொண்டே மின்னஞ்சல் எழுத அவளால் முடிவதில்லை. செயல்படு நினைவு மாதிரியைக் கொண்டு இதனை விளக்குக.’ மாணவர்களில் பலர் பேட்லியும் ஹிட்ச்சும் 1974-இல் அந்த மாதிரியை உருவாக்கியதில் தொடங்கி, மையச் செயலகம் (கவனத்தைப் பங்கிடுவது), ஒலிச் சுழல் (சொற்களையும் ஒலிகளையும் சிறிது நேரம் வைத்திருப்பது), காட்சி-இட வரைபலகை (உருவங்களையும் இடங்களையும் வைத்திருப்பது) என்று எல்லாப் பகுதிகளையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் ‘மீராவின் நிலையும் இவ்வாறே’ என்று முடிப்பார்கள். இதில் மீரா இல்லை. மீராவின் பெயர் மட்டும் இருக்கிறது.

மதிப்பெண் பெறும் விடை மீராவிலிருந்து தொடங்கும். அவள் பேசுவது ஒலிச் சுழலைப் பயன்படுத்துகிறது. வரைபடத்தில் வழி தேடுவது காட்சி-இட வரைபலகையைப் பயன்படுத்துகிறது. இரண்டும் தனித்தனிக் கொள்ளளவு உடைய பகுதிகள் என்பதால் ஒன்றையொன்று பெரிதாகத் தடுப்பதில்லை. மின்னஞ்சல் எழுதும்போதோ, வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்க்க அதே ஒலிச் சுழல் வேண்டியிருக்கிறது. பேச்சு அதை ஏற்கெனவே நிரப்பியிருப்பதால் இரண்டாவது வேலை தடுமாறுகிறது. ஐந்தே வாக்கியங்கள்தாம், ஆனால் சூழலில் கொடுத்த ஒவ்வொரு செய்தியும் மாதிரியின் ஒரு பகுதியோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வினாவில் இல்லாத பகுதியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். சூழல் வினாவில் இப்படி விட்டுவிடுவதும் ஒரு திறமைதான். நிறையப் படித்தவர்களுக்கு அது கடினமாக இருக்கிறது.

‘ஒப்பிடு’, ‘வேறுபடுத்து’ என்பவற்றில் ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வருகிறது: ஒன்றைப் பற்றி ஒரு பத்தி, மற்றொன்றைப் பற்றி ஒரு பத்தி என்று எழுதிவிட்டு, ஒப்பிடும் வேலையைத் திருத்துபவரிடம் விட்டுவிடுவது. இரண்டு படங்களை அருகருகே மாட்டினால் ஒப்பீடு ஆகிவிடாது. ஒரே அளவுகோலை இரண்டின் மேலும் வைத்துக் காட்டவேண்டும். சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய கோட்டுச் சோதனைகளையும் (குழுவினர் வேண்டுமென்றே தவறாகச் சொல்லும்போது ஒருவர் கோட்டின் நீளத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பார்ப்பது), ஸ்டான்லி மில்கிராம் 1963-இல் வெளியிட்ட மின்னதிர்ச்சிச் சோதனையையும் (ஆய்வாளர் சொல்வதால் ஒருவர் இன்னொருவருக்கு எவ்வளவு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிச் செல்கிறார் என்று பார்ப்பது) வேறுபடுத்து என்று வந்தால், முதல் அளவுகோலாக அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை எடுத்துக்கொள்ளலாம்: ஆஷின் சோதனையில் அது பங்கேற்பவருக்குச் சமமான நிலையில் உள்ளவர்களிடமிருந்து வருகிறது, மில்கிராமின் சோதனையிலோ ஆய்வாளர் என்ற அதிகாரத்திலிருந்து வருகிறது. அடுத்து அழுத்தத்தின் வடிவம்: ஆஷின் குழுவில் எவரும் ‘நீயும் இப்படிச் சொல்’ என்று கேட்கவில்லை, மில்கிராமின் ஆய்வாளரோ ‘தொடரவேண்டும்’ என்று வாய்விட்டுச் சொன்னார். மில்கிராமின் 40 பேரில் 65 விழுக்காட்டினர் 450 வோல்ட் வரை சென்றார்கள் என்ற எண்ணும், ஆஷின் சோதனையில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஒருமுறையேனும் தவறான விடைக்கு இணங்கினார்கள் என்ற எண்ணும் நினைவில் இருந்தாலும், அவற்றை அருகருகே வைத்து எது பெரிது என்று காட்டாதீர்கள். அவை இரண்டு வேறு பொருள்களின் அளவுகள். ஆங்கில வினாத்தாளில் ‘கம்பேர்’ என்பது ஒற்றுமையை மட்டுமா வேற்றுமையையும் சேர்த்தா கேட்கிறது என்பது தேர்வு அமைப்புக்கு அமைப்பு மாறுகிறது. உங்கள் பாடத்திட்டத்தின் பின்னிணைப்பில் கட்டளைச் சொற்களின் பட்டியல் இருக்கும். அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘கான்ட்ராஸ்ட்’, ‘டிஸ்டிங்குவிஷ்’ என்றால் வேற்றுமைதான்.

அடுத்து ‘மதிப்பிடு’. நீண்ட கட்டுரை வினாவில் இது பெரிய வேலை. குறுவினாவில் 3 அல்லது 4 மதிப்பெண்ணுக்கு ‘ஒரு வரம்பை மதிப்பிடுக’ என்ற அளவில், அதாவது ஆய்வின் ஒரு குறையை எடைபோடும்படி வரும். இங்கே மாணவர்கள் கையில் ஒரு முத்திரைக் கட்டை இருக்கிறது: ‘இவ்வாய்வின் சூழலியல் ஏற்புடைமை குறைவு’, அதாவது ஆய்வின் முடிவு அன்றாட வாழ்க்கைக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது. எந்த ஆய்வின் மேலும் இதைக் குத்திவிட முடியும் என்பதே இதன் குறை. எந்த ஆய்வுக்கும் பொருந்தும் விமரிசனம் எந்த ஆய்வையும் மதிப்பிடுவதில்லை. லாஃப்டஸின் ஆய்வைப் பற்றியே எழுதுவதாக இருந்தால் இப்படித் தொடரலாம்: பங்கேற்றோர் விபத்தைத் திரையில் பார்த்தார்கள், நேரில் காண்பவருக்கு உண்டாகும் அச்சமோ, தம் விடையால் ஒருவருக்குத் தண்டனை நேரலாம் என்ற பொறுப்போ அவர்களுக்கு இல்லை, எனவே கேள்வியின் சாய்வுக்கு அவர்கள் எளிதில் உட்பட்டிருக்கலாம். இதற்கு வலுச் சேர்க்க ஒரு சான்றும் உண்டு. யூயிலும் கட்ஷாலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான துப்பாக்கிச்சூடு ஒன்றை நேரில் கண்ட சாட்சிகளில் 13 பேரிடம் 4 முதல் 5 மாதங்களுக்குப் பிறகு மீண்டும் பேசப்பட்டது. திசைதிருப்பும் கேள்விகள் கேட்கப்பட்டும் அவர்களுடைய நினைவு பெரும்பாலும் துல்லியமாகவே இருந்தது. ஆகவே லாஃப்டஸின் முடிவை எல்லா நேரடிச் சாட்சிகளுக்கும் அப்படியே நீட்டுவதற்கு முன் தயங்கவேண்டும். இதில் குறை, அது ஏன் குறை, அதனால் எந்த முடிவு பலவீனமாகிறது என்ற மூன்றும் இருக்கின்றன. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் 1-இலேயே நின்றுவிடுகிறது.

இதன் மறுபுறமும் முக்கியம். ‘விவரி’ என்றோ ‘விளக்கு’ என்றோ கேட்ட வினாவில் மதிப்பீடு எழுதாதீர்கள். உயர்ந்த படியில் உள்ள திறனைக் காட்டினால் கூடுதல் மதிப்பெண் வரும் என்று நம்பும் நல்ல மாணவர்கள் நிறையப் பேர். மதிப்பெண் அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. திருத்துபவர் மெச்சினாலும் மதிப்பெண் போட முடியாது. ‘விவாதி’, ‘எந்த அளவுக்கு’ என்ற கட்டளைகள் பெரும்பாலும் நீண்ட விடைக்கு உரியவை என்பதால் இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆய்வுமுறைப் பகுதியில் ‘பரிந்துரை’, ‘நியாயப்படுத்து’ என்ற இரண்டும் அடிக்கடி வரும். ‘பரிந்துரை’ என்றால் பாடநூலில் இல்லாத விடையை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். ஏற்கத்தக்க விடைகள் பல இருக்கும், கொடுத்த ஆய்வுக்குப் பொருந்துவதாக உங்களுடையது இருந்தால் போதும். ‘நியாயப்படுத்து’ என்பது எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைவிட, மற்றதை ஏன் விட்டீர்கள் என்பதில் கண் வைத்திருக்கிறது. ஐந்து பேரின் மதிப்புகள் 4, 5, 5, 6, 40 என்று கொடுத்து, பொருத்தமான மைய அளவையைத் தேர்ந்தெடுத்து நியாயப்படுத்துக என்று கேட்டால், ‘இடைநிலை, அது நடுவில் உள்ள மதிப்பு’ என்பது நியாயம் ஆகாது, அது வரையறை. 40 என்ற ஒரே மதிப்பு சராசரியை 12-க்கு இழுத்துவிடுகிறது, ஐவரில் நால்வர் 6-ஐக்கூடத் தாண்டாதபோது 12 எவரையும் காட்டுவதாக இல்லை, இடைநிலையோ 5-இல் நிற்கிறது என்று கொடுத்த எண்களைக் கொண்டே வாதிடவேண்டும். ‘கணக்கிடு’ என்றால் படிகளைக் காட்டுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கட்டளைச் சொல்லோடு கூடவே வரும் சிறு சொற்களும் கட்டளைகள்தாம். ‘ஓர் ஆய்வு’ என்றால் ஒன்றுதான். இரண்டு எழுதினால் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள், சிறந்தது இரண்டாவதாக இருந்தால் இழப்பு உங்களுக்கு. ‘கோட்பாடு’ என்று கேட்ட இடத்தில் ஆய்வை எழுதுவதும், ‘ஆய்வு’ என்று கேட்ட இடத்தில் கோட்பாட்டை எழுதுவதும் நாள்தோறும் நடக்கிறது. ஆஷ் நடத்தியது ஆய்வு. பேட்லியும் ஹிட்ச்சும் தந்தது கோட்பாட்டு மாதிரி. வினாவின் வலப்பக்க ஓரத்தில் இருக்கும் மதிப்பெண்ணும் வினாவின் ஒரு பகுதியே: ‘விளக்குக’ என்பதற்கு 2 மதிப்பெண் என்றால் ஒரு காரணமும் அதன் விளைவும் போதும், 9 என்றால் சான்றோடு கூடிய முழுச் சங்கிலி வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். என்னிடம் படிப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பக் கொடுப்பது இதைத்தான். புதுப் பாடம் எதையும் எடுக்கவேண்டாம். நன்கு தெரிந்த ஒரே ஆய்வை எடுத்து, அதைச் சுருக்கமாகக் கூறுவதாக ஒரு முறை, விவரிப்பதாக ஒரு முறை, ஒரு கருத்தை விளக்குவதாக ஒரு முறை, ஒரு வரம்பை மதிப்பிடுவதாக ஒரு முறை என்று தனித்தனித் தாள்களில் எழுதுங்கள். வினாவை எழுதாமல் விடையை மட்டும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, இது எந்தக் கட்டளைக்கு எழுதிய விடை என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் திருத்துபவராலும் முடியாது. முதல் இரண்டு மூன்று தடவை நான்கு தாள்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பலருக்கு இந்தப் பேச்சே பிடிபடுகிறது.

உங்கள் ஒன்றரைப் பக்கத்தைத் திருத்தவேண்டுமானால் புதிதாக எழுத அதிகம் இல்லை. குழுக்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், ஐந்து சொற்களுக்கும் வந்த ஐந்து சராசரிகள் என்று நீங்கள் கொடுத்திருக்கும் அரைப் பக்கத்தை, மிக உயர்ந்த சராசரியும் மிகத் தாழ்ந்ததும் வரும் ஒரே வாக்கியமாகச் சுருக்குங்கள். மிச்சமாகும் இடத்தில், சொல் எழுப்பும் மனவார்ப்பு நினைவுக்குள் எப்படி நுழைகிறது என்பதை மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். 16, 7, 6 என்ற எண்களை எழுதிய இடத்தில் நீங்கள் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுச் சோதனையின் அடுத்த விவரத்துக்குப் போய்விட்டீர்கள். அங்கே ‘ஆகவே’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வரவேண்டும்.